சரிவு நிலத்து மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களை: களைக்கொல்லியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

கொல்லிமலையில் ஒரு காட்டில் அடிக்கும் மருந்து அந்தக் காட்டோடு நிற்பதில்லை. சரிவில் பெய்யும் மழை ஓடையில் இறங்கி, ஐயாற்றில் சேர்ந்து, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் போகிறது. வழியில் ஊற்றுநீரைக் குடத்தில் பிடித்து அப்படியே குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் மரவள்ளி நிற்கும். மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் காப்பி. இவை எல்லாமே அகன்ற இலைப் பயிர்கள். மக்காச்சோளத்தில் உள்ள அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்துக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சேந்தமங்கலம், ராசிபுரம், துறையூர்ப் பக்கத்துச் சமவெளியில் நாமக்கல் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுபவர்கள் பின்பற்றும் முறையை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தால் சரிப்படாது. மருந்து அதே மருந்துதான். நாளும், இடமும், அடிக்கும் விதமும் வேறு. இந்த அத்தியாயம் அந்த வேறுபாட்டைப் பற்றியது.

முதலில்: உங்கள் காட்டில் அடிக்கலாமா?

கடைக்குப் போவதற்கு முன் காட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் களைக்கொத்தை எடுங்கள், மருந்து வேண்டாம்.

1. மக்காச்சோளத்துக்குள் அவரை, மொச்சை, துவரை, தட்டைப்பயறு என ஏதாவது ஊடுபயிர் இருக்கிறது. பயறு வகை ஊடுபயிர் இருந்தால் அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தக் கூடாது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. 2,4-டி என்ற களைக்கொல்லி அதைவிட மோசம். அடித்த மறுநாளே அவரைக் கொடி முறுக்கிக்கொள்ளும்.
2. காட்டுக்குள்ளோ காட்டின் கீழ்விளிம்பிலோ ஊற்று, ஓடை, கிணறு இருக்கிறது. இடையில் விட்டுவைக்க இடமும் இல்லை.
3. காற்று வீசும் பக்கத்தில், வரப்பை ஒட்டியே, அடுத்தவரின் மரவள்ளியோ காய்கறியோ நிற்கிறது.
4. மொத்தமே பத்து, பதினைந்து சென்ட் நிலம்தான். இவ்வளவுக்கு இரண்டு பேர் அரை நாள் கொத்தினால் முடிந்துவிடும். இதற்காக ஒரு விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும்? அமெரிக்காவில் அட்ரசின் லேபிளிலேயே, வயல்நீர் ஓடையில் கலக்கும் இடத்திலிருந்து 66 அடிக்குள் தெளிக்கக் கூடாது என்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினுக்கான அனுமதியையே புதுப்பிக்கவில்லை. நிலத்தடி நீரில் அது தொடர்ந்து தென்பட்டதுதான் காரணம். நம் மலையில் சரிவும் அதிகம், அடைமழையும் அதிகம். எனவே 66 அடியைக் குறைந்தபட்சமாக வையுங்கள். அந்தப் பட்டையில் புல் வளரட்டும்; மேலிருந்து வரும் மண்ணையும் மருந்தையும் அது பிடித்து வைக்கும்.

களையைப் பாருங்கள், பிறகு மருந்தைத் தேடுங்கள்

மக்காச்சோளத்தில் வரும் அகன்ற இலைக் களைகள்: சாரணை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம். இவை விதையிலிருந்து முளைத்து இரண்டு முதல் நான்கு இலை விட்டிருக்கும்போது எளிதில் சாகும். பூ வைத்துவிட்டால் மருந்தைக் கூட்டினாலும் பாதிதான் சாகும். மிச்சம் தலைகருகி மறுபடி துளிர்க்கும்.

கானாவாழையிடம் ஏமாந்துவிடாதீர்கள். இலை அகலமாக இருந்தாலும் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. வளர்ந்துவிட்டால் மருந்துக்கு அசைவதில்லை. கணுவோடு பிடுங்கி, காட்டுக்கு வெளியே காயப் போட வேண்டும். கோரையும் அருகும்தான் உங்கள் பிரச்சினை என்றால் 2,4-டி வாங்குவது வீண் செலவு. அது புல்லையும் கிழங்குக் கோரையையும் ஒழிக்காது.

எந்த மருந்து, எந்தக் கட்டத்தில்

மூன்று வாய்ப்புகள் உள்ளன. முதலாவது போதுமானால் இரண்டாவதைத் தொட வேண்டாம்.

*அட்ரசின் 50 சதத் தூள்.* களை முளைக்கும் முன் மண்ணில் அடிப்பது. விதைத்த 3 முதல் 5 நாளுக்குள். ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த புழுதியில் அடித்தால் மருந்து தூங்கிவிடும். அடித்த பின் மண்ணைக் கிளறக் கூடாது. மேல்மண்ணில் படிந்திருக்கும் மெல்லிய மருந்துப் படலம்தான் முளைக்கும் களையைத் தடுக்கிறது.

*2,4-டி.* களை முளைத்த பின் அடிப்பது. பல்கலைக்கழகப் பரிந்துரை விதைத்த 20 முதல் 25 நாள். மலையில் குளிரால் பயிர் மெதுவாக வளரும். ஆகவே நாளை மட்டும் எண்ணாமல் பயிரையும் பாருங்கள். மக்காச்சோளம் நான்கு முதல் ஆறு இலையில், ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது அடிப்பது நல்லது. அதற்கு மேல் வளர்ந்த பயிரின் குருத்தில் மருந்து விழுந்தால் இலை விரியாமல் வெங்காயத்தாள்போல் சுருண்டு நிற்கும். தண்டைத் தாங்கும் பக்கவேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிடிப்பில்லாமல் போகும். அப்படிப்பட்ட பயிர் மலைக்காற்றுக்கு நிற்காது.

2,4-டி மூன்று வடிவத்தில் வருகிறது: சோடியம் உப்பு (தூள்), அமைன் உப்பு (திரவம்), எஸ்டர் (திரவம்). எஸ்டர் ஆவியாகிப் பறக்கக்கூடியது. காலையில் அடித்தது மதிய வெயிலில் ஆவியாகி, பக்கத்து மரவள்ளியைப் பிடித்துவிடும். மலையில் எஸ்டரை வாங்கவே வேண்டாம். கடைக்காரர் அதுதான் இருக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள். சோடியம் உப்பு 80 சதத் தூளுக்கு அளவு ஏக்கருக்கு 500 கிராம்.

*டெம்போட்ரயோன், டோப்ரமெசோன்.* புதிய மருந்துகள். புல், அகன்ற இலை இரண்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். களை முதலில் வெளுத்துப் பிறகு காயும். விலை அதிகம், அளவு மிகக் குறைவு. அளவு சிறியதாக இருக்கும்போது சிறு தவறும் பெரிதாகிவிடும் என்பதால் லேபிளில் உள்ளதை மில்லிலிட்டர் சுத்தமாக அளக்க முடிந்தவர்கள் மட்டும் இதற்குப் போகலாம்.

கிளைபோசேட், பாராகுவாட் இரண்டும் இந்தப் பட்டியலில் இல்லை, மறந்து விட்டதல்ல. இரண்டும் மக்காச்சோளத்தையே கொல்லும். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் மட்டுமே பயன்படுத்தலாம். பாராகுவாட் ஒரு மடக்கு உள்ளே போனாலும் மாற்று மருந்து கிடையாது. அது உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது.

கடையில் நிற்கும்போது

உரிமம் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். பில் கேளுங்கள். உடைத்துப் பொட்டலம் கட்டிய தூளையும், வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் திரவத்தையும் வாங்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவரிடம் காட்ட லேபிள் இருக்காது. காலாவதித் தேதியையும், பயிர்ப் பெயர்களில் மக்காச்சோளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் தமிழிலும் விவரம் இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்பதற்குக் கெடுதலே இல்லை என்று பொருளல்ல.

கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் வந்தால் கிசான் கால் சென்டருக்கு (1800 180 1551) தமிழிலேயே பேசலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. களையைப் பிடுங்கி ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டலாம்.

சென்ட் கணக்கு

மலையில் யாருக்கும் ஏக்கர் கணக்கில் ஒரே சமதளம் கிடையாது. எனவே ஏக்கர் அளவைச் சென்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 21 அடிக்கு 21 அடி.

- தண்ணீர்: சென்ட்டுக்கு 2 லிட்டர்
- அட்ரசின் 50 சதத் தூள்: சென்ட்டுக்கு 2 கிராம்
- 2,4-டி சோடியம் உப்பு 80 சதத் தூள்: சென்ட்டுக்கு 5 கிராம்

10 லிட்டர் டேங்க் 5 சென்ட்டுக்கு வரும்: அட்ரசின் 10 கிராம் அல்லது 2,4-டி 25 கிராம். 16 லிட்டர் டேங்க் 8 சென்ட்டுக்கு: 16 கிராம் அல்லது 40 கிராம். நீங்கள் வாங்கிய மருந்தின் லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிளைத்தான் பின்பற்ற வேண்டும்.

இந்தக் கணக்கு உங்கள் நடைக்கும் உங்கள் ஸ்ப்ரேயருக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மருந்து கலக்கும் முன் இதைச் செய்யுங்கள்:

1. 21 அடிக்கு 21 அடி அளந்து நான்கு குச்சி நடுங்கள். சமதளத்தில் அல்ல, நீங்கள் அடிக்கப் போகும் அதே சரிவில்.
2. டேங்கில் அளந்து 5 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள்.
3. வழக்கமான நடையில், ஒரே சீராகப் பம்ப் அடித்து, அந்தக் கட்டம் முழுவதும் ஒருமுறை தெளியுங்கள்.
4. மீதித் தண்ணீரை அளங்கள். 3 லிட்டர் மிஞ்சினால் சரி.
5. 2 லிட்டர்தான் மிஞ்சியது என்றால் மெதுவாக நடக்கிறீர்கள், அல்லது நாசில் துளை தேய்ந்துவிட்டது. 4 லிட்டர் மிஞ்சினால் ஓடுகிறீர்கள். நடையைத் திருத்தி மறுபடி பாருங்கள்.

கிராம் அளக்க நகைக்கடைத் தராசு தேவையில்லை. சமையலறைக்கு விற்கும் சிறு எலக்ட்ரானிக் தராசு போதும். ஆனால் வாங்கியதும் அது மருந்துக்கென்றே ஆகிவிட வேண்டும், மறுபடி அடுப்படிக்குள் போகக் கூடாது. தீப்பெட்டியிலும் பாட்டில் மூடியிலும் அளப்பதை விடுங்கள். ஒவ்வொரு மூடியும் ஒவ்வோர் அளவு.

யார் அடிக்கலாம், என்ன உடுத்தலாம்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பிள்ளைகள் மருந்தைக் கலக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது, அடிக்கும்போது காட்டில் இருக்கவும் கூடாது. தண்ணீர் தூக்கிக் கொடுக்க மனைவியையும் பிள்ளைகளையும் நிறுத்திவைப்பது பல காடுகளில் நடக்கிறது. மருந்து கலக்கும் இடத்தில் நிற்பவருக்கு, அடிப்பவரைவிட ஆபத்து அதிகம். அங்கேதான் மருந்து தண்ணீர் சேராத முழு வீரியத்தில் இருக்கிறது.

முழுக்கைச் சட்டை, முழு நீளக் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், தலைக்குத் தொப்பி. கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள்ளேயே இறங்கி, கால் அதில் ஊறும். மடித்துக் கட்டிய லுங்கியும் வெறுங்காலும் இந்த வேலைக்கு ஆகாது. மூக்கில் கட்டிய துண்டு நனைந்துவிட்டால் அதுவே மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைக்கும்.

தெளிக்கும் நாள்

கொல்லிமலைக் காலைக்கு ஒரு தன்மை உண்டு. விடியும்போது பள்ளத்தில் பனிமூட்டம் தேங்கி நிற்கும், காற்றே இருக்காது. காற்றில்லாத நேரம்தானே நல்லது என்று அப்போது அடிக்கப் போவார்கள். அது தவறு. குளிர்ந்த காற்று பள்ளத்தில் அடைபட்டிருக்கும் அந்த நேரத்தில், நுண்ணிய மருந்துத் துளிகள் கீழே விழாமல் மூட்டத்தோடு மிதந்து, சரிவு இறங்கி, எங்கோ ஒரு தோட்டத்தில் போய்ப் படியும். இலையில் பனி இருந்தால் மருந்து ஒட்டாமல் வழிந்தும் போகும். மூட்டம் கலைந்து, இலை உலர்ந்து, பிற்பகல் காற்று கிளம்புவதற்கு முன் உள்ள அந்தச் சில மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைப்பது. இலை லேசாக அசைய வேண்டும், கிளை ஆடக் கூடாது.

1. வானத்தைப் பாருங்கள். 2,4-டி அடித்த பின் ஆறு மணி நேரமாவது மழை கூடாது. அட்ரசினுக்கு ஈரம் வேண்டும். ஆனால் கனமழை வரும் அறிகுறி இருந்தால் ஒத்திப் போடுங்கள். சரிவில் அது மண்ணோடு ஓடைக்குப் போய்விடும்.
2. பக்கத்துக் காட்டுக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். தேன்பெட்டி, மாடு, ஆடு எங்கே நிற்கின்றன என்று அவர்தான் சொல்ல முடியும்.
3. விசிறிபோல் தெளிக்கும் தட்டை நாசிலை மாட்டுங்கள். பூச்சிமருந்துக்குப் போடும் கூம்பு நாசில் புகைபோல் அடிக்கும். களைமருந்துக்கு அது கூடாது. விசைத்தெளிப்பானையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.
4. ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, சமமான இடத்தில் கலக்குங்கள். தண்ணீரைக் குடத்தில் கொண்டுவாருங்கள். டேங்கை ஓடையில் முக்கக் கூடாது.
5. தூளை முதலில் சிறு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குச்சியால் கூழாகக் கரையுங்கள். டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றி, கரைத்ததை வடிகட்டி ஊற்றி, பிறகு மீதித் தண்ணீரை நிரப்புங்கள். அட்ரசின் அடியில் படியும். அடிக்கும்போதும் அவ்வப்போது டேங்கைக் குலுக்க வேண்டும்.
6. 16 லிட்டர் டேங்காக இருந்தாலும் சரிவில் 10 லிட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள்; மருந்தையும் 10 லிட்டர் கணக்கிலேயே போடுங்கள். குனிந்து ஏறும்போது மூடி வழியாகக் கழுத்தில் ஒழுகுவது பெரும்பாலும் நிறைந்த டேங்கில்தான். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் தோளில் மாட்ட வேண்டும்.
7. சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல், வரப்பை ஒட்டிக் குறுக்காக நடங்கள். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் தொடங்கி, காற்று வரும் பக்கம் நோக்கி வரிசை வரிசையாக நகருங்கள். அப்போது மருந்து உங்களை விட்டு விலகிப் போகும்.
8. நாசிலை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். 2,4-டி என்றால் வரிசைக்கு நடுவே உள்ள களைமேல் பிடியுங்கள், குருத்தில் அல்ல.
9. ஒரே இடத்தில் இரண்டாம் தடவை அடிக்காதீர்கள். களை அடர்ந்த இடத்தில் இன்னும் ஒரு வீச்சு வீசக் கை துடிக்கும். பயிர் கருகுவது அங்கேதான்.
10. நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

வேலை முடிந்து கைகால் சோப்புப் போட்டுக் கழுவும்வரை பீடி, வெற்றிலை, புகையிலை, டீ எதுவும் வேண்டாம்.

குறிப்பு: படைப்புழு வந்த பிறகு பலர் ஒரே அலைச்சலில் முடிப்பதற்காகப் புழுமருந்தையும் களைமருந்தையும் ஒன்றாகக் கலந்து அடிக்கிறார்கள். வேண்டாம். புழுமருந்து குருத்துக்குள் இறங்க வேண்டியது, களைமருந்து குருத்தில் படவே கூடாதது.

அடித்த பிறகு

கீரைதான் என் பெரிய கவலை. குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் களைப் பட்டியலில் இருந்தாலும், மலையில் அவை சாயங்காலக் குழம்புக்குரியவை. யார் காட்டில் வேண்டுமானாலும் மடியில் பறித்துக்கொண்டு போவார்கள். மருந்து பட்ட கீரை முதல் நாள் பார்க்கத் தளதளவென்றுதான் இருக்கும். காட்டின் நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்தப் பருவம் முடியும்வரை அந்தக் காட்டில் கீரை பறிக்க வேண்டாம். வாடிய களையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அள்ளிப் போடவும் கூடாது. தட்டையைத் தீவனமாக வெட்டுவதற்கு முன் லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்கில் மிஞ்சியதையும் கழுவிய தண்ணீரையும் மண்பாதையில் கொட்டாதீர்கள். காட்டுக்குள்ளேயே, மருந்து குறைவாக விழுந்த ஓரத்தில் மெல்லியதாகத் தெளித்து விடுங்கள். காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலைக் குத்தி ஓட்டை போட்டு, தண்ணீருக்குத் தொலைவில் புதைத்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றவோ விதை போடவோ அது வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது.

களைமருந்துக்குத் தனி ஸ்ப்ரேயர் வைத்துக்கொள்வதே நல்லது. முடியாவிட்டால், 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சலவை சோடா கரைத்து நிரப்பி, குழாயிலும் நாசிலிலும் ஓடவிட்டு, இரவு முழுதும் வைத்து, மறுநாள் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். வெறும் தண்ணீரில் கழுவிய டேங்கில் தக்காளிக்கோ மிளகுக்கோ மருந்து அடித்தால், குழாயில் ஒட்டியிருக்கும் 2,4-டி மிச்சம் போதும் துளிர் முறுக்கிக்கொள்ள.

2,4-டி அடித்த ஏழெட்டு நாளுக்கு மக்காச்சோளத் தண்டு கண்ணாடிபோல் உடையும் பதத்தில் இருக்கும். அந்த வாரத்தில் மண் அணைக்கவோ வரிசைக்குள் மாடு ஓட்டவோ கூடாது. களை முறுக்கிச் சாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே பச்சை தெரிகிறதே என்று மறுபடி அடிக்காதீர்கள்.

உடம்பில் பட்டால், வயிற்றில் போனால்

மலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதனால் யோசிக்க நேரம் எடுக்காதீர்கள்.

1. தோலில் பட்டால் சட்டையை உடனே கழற்றி, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.
2. விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், புளிக் கரைசல், மோர் எதுவும் கொடுக்காதீர்கள். நினைவில்லாதவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.
3. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருப்பதைவிடக் கையில் உள்ள வண்டியில் செம்மேடு அரசு மருத்துவமனைக்குப் போவது விரைவு என்றால் அதைச் செய்யுங்கள்.
4. பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். 2,4-டிக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான வழியில் சிகிச்சையைத் தொடங்க முடியும். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தையும் (1800 116 117) எந்நேரமும் அழைக்கலாம்.

அடித்த அன்று இரவு தலைவலி, குமட்டல், தசை துடிப்பு, கைகால் தளர்ச்சி வந்தால் வெயில் அலுப்பு என்று படுத்துவிடாதீர்கள். அதற்கும் மருத்துவமனைதான்.

நாற்பதாம் நாள்

விதைத்த 40 முதல் 45 நாளில் ஒரு கைக்களை உண்டு. மருந்து அடித்த காட்டுக்கும் இது உண்டு. பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் அட்ரசினுக்குப் பின் இது சொல்லப்பட்டிருக்கிறது. தப்பிப் பிழைத்த களை எதுவோ அதுதான் அடுத்த பட்டத்துக்கு விதை போடும், அதன் பிள்ளைகள் அதே மருந்துக்குச் சாகாமல் போகும். அவற்றைப் பூப்பதற்கு முன் பிடுங்கி வெளியேற்றுங்கள். எந்த இடத்தில் எந்தக் களை தப்பியது, என்ன மருந்து, எத்தனை கிராம், எந்தத் தேதி, அடுத்து மழை எப்போது பெய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து அதே காட்டில் பயறோ காய்கறியோ போட நினைத்தால், அட்ரசின் மண்ணில் மிஞ்சியிருக்கக் கூடும். ஒரு சட்டியில் அந்த மண்ணை அள்ளி, பத்துப் பயறு விதை போட்டு, முளைத்து மூன்று நான்கு இலை விடும்வரை பாருங்கள். இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால் அந்தப் பட்டத்துக்கும் மக்காச்சோளத்தையே போடுங்கள், ஆனால் அட்ரசின் இல்லாமல்.